பையனுக்கு நினைவாற்றல் குறைவு என்று டெஸ்ட் ரிப்போர்ட் வந்திருக்கிறது. எவ்வளவு நம்பலாம்?

தோட்டத்துக்காரி, வெள்ளகோவில் பக்கம்:

வணக்கமுங்க. என் பையனுக்கு ஒன்பது வயது, நாலாவது படிக்கிறான். மெட்ரிக் பள்ளி, இங்கிலீஷ் மீடியம். சொல்லிக் கொடுத்தது மனதில் நிற்பதில்லை, கரும்பலகையைப் பார்த்து எழுதும்போதே பாதி வரியை விட்டுவிடுகிறான் என்று மிஸ் ரொம்ப நாளாகப் புகார் சொல்கிறார். டெஸ்ட் எடுத்துக்கொண்டு வரச் சொல்லி ஹெட்மிஸ்ட்ரஸ் பிடிவாதமாக நின்றதால் கோயம்புத்தூரில் ஒரு சென்டருக்குக் கூட்டிப் போனோம்.

ரிப்போர்ட் தடியாக இருக்கிறது, எனக்குப் புரிந்தது கொஞ்சம்தான். ஐ.க்யூ. சராசரியாம். எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்வதில் ஸ்கோர் 5. ஒர்க்கிங் மெமரி என்ற இடத்தில் 77. பதினைந்து வார்த்தைகளை வாசித்து, ஞாபகம் இருப்பதைச் சொல்லச் சொன்னதில் முதல் தடவை 3, அப்புறம் 5, 6, 8, 9. அரை மணி நேரம் கழித்துக் கேட்டபோது 8. கடைசிப் பக்கத்தில் தடித்த எழுத்தில் நினைவாற்றல் குறைபாடு என்று முடித்திருக்கிறார்கள். ஐந்தாவது பர்சென்டைல் என்ற இடத்தை ஹெட்மிஸ்ட்ரஸ் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, "நூத்துக்கு அஞ்சுதானம்மா வாங்கியிருக்கான், நாலாவதையே இன்னொரு வருஷம் படிக்கட்டும்" என்கிறார்.

எனக்கு எங்கே இடிக்கிறது என்றால், இதே பையன் அவன் அப்பாரோடு, அதாவது என் மாமனாரோடு, கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போய் வந்தால், எது மயிலை, எது காரி, எது செவலை, யார் தோட்டத்து மாடு, எத்தனை பல், சுழி எங்கே, என்ன விலைக்குப் போனது என்று வாரக்கணக்கில் ஒப்பிப்பான். போன சித்திரையில் பார்த்த காளையை இந்தச் சித்திரையில் கொம்பு வளைவை வைத்து அடையாளம் சொன்னான். சந்தைக்காரர்களே வாயடைத்துப் போனார்கள்.

டெஸ்ட் எடுத்த அன்றைக்கு இருந்த நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். விடியக் கருக்கலில் எழுப்பி பஸ் ஏற்றினோம். பல்லடம் தாண்டும் முன் வாந்தி. சளிக்கென்று முந்தின இரவும் அன்று காலையும் சிரப் கொடுத்திருந்தேன். மதியம் பன்னிரண்டுக்கு மேல்தான் உள்ளே கூப்பிட்டார்கள், ஒரே மூச்சில் மூன்று மணி நேரம். எண்களைத் தமிழில் சொன்னார்களாம், இவனுக்குப் பள்ளியில் ஒன், டூதான் பழக்கம். வெளியே வந்ததும் "சோறு எங்கம்மா" என்றான், வேறு எதுவும் பேசவில்லை.

"மாட்டுச் சுழி நெப்பிருக்கற பையனுக்கு நெப்பில்லியாமா, எல்லாங் காசு புடுங்கற வேலை" என்கிறார் மாமனார். வீட்டுக்காரர் ரிப்போர்ட்டை அப்படியே நம்பி இடிந்து உட்கார்ந்திருக்கிறார். இந்த டெஸ்ட்டை எவ்வளவு நம்பலாம்? வேறு இடத்தில் மறுபடி எடுக்கலாமா? வீட்டில் எண்களைச் சொல்லிப் பழக்கிவிட்டுக் கூட்டிப் போனால் நல்லதா?

ஊத்துக்குளி வெண்ணெய்:

அக்கா, வல்லாரைத் துவையல் தினமும் காலையில். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக இதுதான். டெஸ்ட், கிஸ்ட் எல்லாம் எங்கள் காலத்தில் ஏது? அப்பாரு சொல்வதுதான் சரி.

மஞ்சள் மண்டி, ஈரோடு:

வல்லாரைத் துவையல் ருசியாக இருக்கும், தாராளமாகச் சாப்பிடுங்கள். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

நான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். பிள்ளைகளுக்கு இதே டெஸ்ட்களை எடுப்பதுதான் என் பிழைப்பு. உங்கள் பையனைப் பார்க்காமல் அவனுக்குக் குறை இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் அந்தச் சிவப்பு வட்டம். பர்சென்டைல் என்பது மார்க் இல்லை. அதே வயதுப் பிள்ளைகள் நூறு பேரை வரிசையாக நிறுத்தினால், அந்த ஒரு வேலையில் இவனுக்குக் கீழே ஐந்து பேர் இருப்பார்கள், அவ்வளவுதான். ஒரு தலைமை ஆசிரியைக்கு இது தெரியாமல் இருப்பது எனக்குக் கோபம் வருகிற விஷயம், ஆனால் புதிதில்லை. ஸ்கோர் 5 என்பதும் அப்படித்தான். அந்த அளவுகோலில் நடு 10, மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் 7க்கும் 13க்கும் இடையே வருவார்கள். ஐந்து குறைவுதான், மழுப்பவில்லை. அடுத்து ஒர்க்கிங் மெமரி, அதாவது கேட்டதைச் சில நொடி மனதில் பிடித்து வைத்து வேலை செய்கிற திறன், அதில் வந்த 77. அதன் நடு 100. எண்ணுக்குப் பக்கத்தில், உண்மையான ஸ்கோர் இதற்குள் எங்காவது இருக்கும் என்று ஒரு வீச்சும் அச்சிட்டிருப்பார்கள், தோராயமாக 71 முதல் 86 வரை இருக்கும். பர்சென்டைலாக மாற்றினால் 3இல் தொடங்கி 18 வரை போகும். கீழ் முனை என்றால் கவலைப்பட வேண்டியதுதான். மேல் முனை என்றால் வகுப்பில் நாலைந்து பேர் அப்படி இருப்பார்கள். ஒற்றை எண்ணை மட்டும் பார்க்கிறவர்களுக்கு இது கண்ணில் படாது.

இன்னொரு கணக்கு. ஒரு பிள்ளைக்கு ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பத்துச் சோதனைகள் வைத்தால், ஒரு குறையும் இல்லாத பிள்ளைக்கே ஏதாவது ஒன்றிலாவது ஐந்தாவது பர்சென்டைலுக்குக் கீழே விழ 40 சதவீத வாய்ப்பு இருக்கிறது. நிஜத்தில் சோதனைகளுக்குள் சம்பந்தம் உண்டு என்பதால் கொஞ்சம் குறையும். ஆனாலும் தடியான ரிப்போர்ட்டில் ஒரு குழி இருப்பது அதிசயமில்லை. இரண்டு மூன்று இடத்தில் ஒரே திசையில் குழி இருந்தால்தான் நான் நிமிர்ந்து உட்காருவேன்.

இப்போது நீங்கள் எழுதிய வார்த்தைப் பட்டியலைப் பாருங்கள். எனக்கு ரிப்போர்ட்டிலேயே ருசியான பகுதி அதுதான். 3, 5, 6, 8, 9 என்று ஏறியிருக்கிறான். மெதுவான ஏற்றம், ஆனால் ஒவ்வொரு முறையும் ஏற்றம். அரை மணி கழித்து ஒன்பதில் எட்டு அப்படியே இருந்திருக்கிறது. குடத்தில் ஓட்டை இல்லைங்க, வாய்தான் குறுகல். உள்ளே போன தண்ணீர் நிற்கிறது. தகவல் நிற்காமல் ஒழுகுவது வேறு பிரச்சினை. 1997இல் லண்டனில் வர்கா கதெம் என்பவரும் கூட்டாளிகளும் மூன்று பேரைப் பற்றி எழுதினார்கள். ஒருவருக்குப் பிறக்கும்போது, ஒருவருக்கு நாலு வயதில், ஒருவருக்கு ஒன்பதில் மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதி அடிபட்டது. மூவரும் பள்ளிக்குப் போனார்கள், படித்தார்கள், எழுதினார்கள். ஆனால் காலையில் என்ன நடந்தது என்று மாலையில் சொல்ல முடியாது, பழகிய இடத்திலும் வழி தவறும். நினைவு இழப்பு என்றால் நாங்கள் பயப்படுவது அதற்குத்தான். போன வருஷத்துக் கொம்பை அடையாளம் சொல்கிறவனுக்கு அந்தச் சித்திரம் பொருந்தவில்லை. பட்டியலின் கடைசியில், வார்த்தைகளை வாசித்து "இது இருந்ததா, இல்லையா" என்றும் கேட்டிருப்பார்கள். அதில் எத்தனை வந்தது என்று பாருங்கள். பதின்மூன்று, பதினான்கு என்றால் நான் சொல்வது இன்னும் உறுதியாகும்.

அப்பாருவிடமும் ஒன்று சொல்ல வேண்டும். மாட்டு ஞாபகம் டெஸ்ட்டைப் பொய்யாக்காது. 1978இல் மிஷெலின் சி என்ற ஆய்வாளர், சதுரங்கம் நன்றாக ஆடுகிற பிள்ளைகளையும், அவ்வளவாக ஆடத் தெரியாத பெரியவர்களையும் ஒப்பிட்டார். பலகையில் காய்கள் நின்ற இடத்தைக் காட்டி மறைத்தால் பிள்ளைகள்தான் அதிகம் ஞாபகம் வைத்தார்கள். வெறும் எண்களைச் சொன்னால் பெரியவர்கள் ஜெயித்தார்கள். நன்றாகத் தெரிந்த விஷயத்தில் புதுத் தகவல் தொங்கிக்கொள்ள ஆயிரம் கொக்கி இருக்கிறது. மயிலை, நாலு பல், இன்னார் தோட்டம் என்பது உங்கள் பையனுக்கு ஏற்கெனவே ஒரு கதை. 4, 9, 2, 7 என்பது யாருக்கும் கதை இல்லை. பள்ளிக்கூடமோ பெரும்பாலும் 4, 9, 2, 7 மாதிரிதான் நடக்கிறது. அதனால் மிஸ் சொல்வதும் நிஜமாக இருக்கலாம்.

சரி, அன்றைய நிலைமைக்கு வருவோம். என் பார்வையில் உங்கள் கேள்விக்கு முக்கியமான பதில் இங்கேதான். ஒரு ஸ்கோர் செல்லுமா என்று பார்க்க, பிள்ளை விழித்திருந்தானா, சொன்னது காதில் விழுந்ததா, புரிந்ததா, மனது வைத்துச் செய்தானா என்று முதலில் கேட்க வேண்டும். மனது வைத்தானா என்று பார்க்கத் தனியாகவே சோதனைகள் உண்டு. பார்க்கக் கஷ்டமாகத் தெரியும், உண்மையில் ரொம்பச் சுலபம். மூளையில் நிஜமான பாதிப்பு உள்ள பிள்ளைகளே பெரும்பாலும் தேறிவிடுவார்கள். அதிலேயே ஒருவன் தவறினால் மற்ற எண்களைக் கையில் பிடித்துக்கொண்டு முடிவு சொல்லக் கூடாது. அந்தச் சோதனை எப்படி இருக்கும் என்று இங்கே எழுத மாட்டேன், நாளைக்கே யாராவது வீட்டில் பழக்கிவிடுவார்கள்.

நஷ்டஈட்டு வழக்குகளில் நடிக்கிற பெரியவர்களைக் கண்டுபிடிக்கப் பிரபலமான முறை இது. குழந்தை எதற்கு நடிக்கப் போகிறது என்று பிள்ளைகளிடம் வெகுகாலம் யாரும் அக்கறையாகப் பார்க்கவில்லை. 2010இல் அமெரிக்காவின் கொலராடோவில் கிர்க்வுட், கிர்க் என்ற இருவர், லேசான தலைக்காயத்துக்குப் பிறகு வந்த 8 முதல் 17 வயது வரையான 193 பிள்ளைகளைப் பார்த்தார்கள். 17 சதவீதம் பேர் அதில் தவறினார்கள். ஏறக்குறைய ஆறில் ஒருவர். இதைப் படித்துவிட்டுப் பையனைப் பிடித்து "நடிச்சியா" என்று கேட்டுவிடாதீர்கள். பசி, சலிப்பு, பயம், பஸ் களைப்பு எல்லாமே முயற்சியைக் குறைக்கும். சளி சிரப் பலவற்றில் தூக்கம் தரும் மருந்து உண்டு. சளியில் காது அடைத்திருந்தால் நொடிக்கு ஒன்றாகச் சொல்லும் எண்கள் பாதி காதிலேயே விழாது. ரிப்போர்ட்டில் "சோதனையின்போது நடத்தை" என்று ஒரு பத்தி இருக்க வேண்டும். அங்கே என்ன எழுதியிருக்கிறது?

எண்கள் தமிழில் என்பதும் சின்ன விஷயம் இல்லை. ஒன், டூ, நைன் எல்லாம் ஓரசை. இரண்டு, ஒன்பது சொல்லக் கூடுதல் நேரம் எடுக்கும். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் பேசும் வெல்ஷ் மொழியில் இதே கதை. அந்த எண்களைச் சொல்ல ஆங்கிலத்தைவிட நேரம் ஆகும் என்பதால் வெல்ஷ் பேசுகிறவர்களின் ஸ்கோர் தாழ்ந்து வருகிறது என்று 1980இலேயே எல்லிஸ், ஹென்னலி இருவரும் காட்டினார்கள். உங்கள் பையன் தமிழில் கேட்டு, மனதுக்குள் இங்கிலீஷுக்கு மாற்றி, திரும்பத் தமிழில் சொல்லியிருக்கிறான். வேலை இரட்டிப்பு.

தோட்டத்துக்காரி, வெள்ளகோவில் பக்கம்:

மேடம், ரொம்ப நன்றிங்க. நடத்தைப் பத்தியில் "ஒத்துழைத்தான்" என்று ஒரே வார்த்தை. வாந்தி எடுத்ததை நான் சொல்லியும் எழுதவில்லை. நீங்கள் சொன்ன "இருந்ததா, இல்லையா" பகுதியில் 15க்கு 14 வந்திருக்கிறது. அந்த எண்ணைப் பற்றிக் கடைசிப் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. மனது வைத்தானா என்று பார்க்கும் சோதனை எதுவும் ரிப்போர்ட்டில் இல்லை.

திம்பம் வளைவு, சத்தியமங்கலம்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் பெண்ணுக்கும் மறதி என்றுதான் ஆரம்பித்தது. வீட்டில் கன்னடம், பள்ளியில் தமிழ், அதனால்தான் குழம்புகிறாள் என்று எல்லோரும் சொன்னார்கள், நாங்களும் விட்டுவிட்டோம். ஒருநாள் அவள் அமுச்சிதான் (என் பெண்ணின் பாட்டி) கவனித்தார்: சாப்பிட்டுக்கொண்டே இருந்தவள் கையில் உருண்டையோடு அப்படியே நின்றுவிட்டாள், கண் ஒரே இடத்தில், இமை மட்டும் படபடத்தது. கூப்பிட்டால் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒன்றும் நடக்காத மாதிரி உருண்டையை வாயில் போட்டுக்கொண்டாள். டாக்டர் அவளை வேகமாக மூச்சு வாங்கவிட்டு இ.இ.ஜி. (மூளையின் மின் அலைப் பதிவு) எடுத்தார். ஒரு வகை வலிப்பாம், கை கால் இழுக்காது, சில நொடி நினைவு மட்டும் போய் வரும். ஒரு நாளில் பல தடவை வந்துகொண்டிருந்திருக்கிறது. பாடத்தில் பாதி அவள் காதிலேயே ஏறவில்லை, அதை மறதி என்று சொல்லிக்கொண்டிருந்தோம். மாத்திரையில் நின்றுவிட்டது. உங்கள் பையன் வரியை விட்டுவிட்டு எழுதுகிறான் என்றீர்களே, அதனால் எழுதினேன். பயமுறுத்த இல்லைங்க.

மஞ்சள் மண்டி, ஈரோடு:

நல்ல வேளை எழுதினீர்கள். மறுபடி டெஸ்ட் என்று ஓடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை இவைதான். குழந்தை மருத்துவரிடம் காட்டி இந்த மாதிரி வெறித்துப் பார்ப்பது உண்டா என்று பேசுங்கள். காது, கண் பாருங்கள். ரத்தசோகை, தைராய்டு. இரவில் குறட்டை விட்டு வாயால் மூச்சு விடுகிறானா என்று கவனியுங்கள், மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டு சதை வீங்கித் தூக்கம் கெடுகிற பிள்ளை பகலில் இப்படித்தான் இருப்பான். கவனக் குறைவும் இருக்கலாம். குறுகல் வாய் என்று சொன்னேனே, அதற்கு அடிக்கடி காரணம் ஞாபகம் இல்லை, கவனம்தான்.

உங்கள் பழைய கேள்விகளுக்கு வருகிறேன். வீட்டில் பழக்காதீர்கள். பழக்கினால் ஸ்கோர் ஏறும், பையன் ஏற மாட்டான், அப்புறம் உண்மை யாருக்கும் தெரியாது. அதே டெஸ்ட்டை அடுத்த மாதமே எடுத்தாலும் பழக்கத்தால் ஏறிவிடும், ஆறு மாதமாவது, முடிந்தால் ஒரு வருஷம் போகட்டும். வார்த்தைப் பட்டியலுக்கு மாற்றுப் பட்டியல் உண்டு, அதைக் கேளுங்கள்.

எடுக்கிறவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவானவரா என்று பதிவு எண் கேட்பதில் கூச்சம் வேண்டாம், ரிப்போர்ட்டிலேயே இருக்க வேண்டும். எந்தப் பிள்ளைகளின் ஸ்கோரை வைத்துப் போட்ட அட்டவணையோடு ஒப்பிட்டார்கள் என்றும் கேளுங்கள். அந்த 77ஐப் பார்த்தால் பிள்ளைகளுக்கான வெக்ஸ்லர் ஐ.க்யூ. டெஸ்ட்டின் நான்காம் பதிப்பு மாதிரி இருக்கிறது. அதற்கு இந்தியப் பிள்ளைகளை வைத்துப் போட்ட அட்டவணை உண்டு, சிலர் பழக்கதோஷத்தில் அமெரிக்க அட்டவணையையே எடுக்கிறார்கள். பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனை 5 முதல் 15 வயதுக்கு வைத்திருக்கும் சோதனைத் தொகுப்பு அந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளை வைத்து வந்தது. காங்கயத்துப் பையனுக்கு அது அமெரிக்காவைவிடக் கிட்டத்தில் இருக்கிறது. ஆனாலும் பெங்களூர் பெங்களூர்தான்.

டெஸ்ட்டைக் காலையில், இரண்டு நாளாகப் பிரித்து, சளி இல்லாதபோது வையுங்கள். முந்தின இரவே வந்து உறவுக்காரர் வீட்டில் தங்கினால் நல்லது. எந்த மொழியில் வேண்டும் என்று அவனையே கேட்கச் சொல்லுங்கள். முதல் சென்டருக்கும் ஒரு கடிதம் எழுதி, வாந்தி, மருந்து, நேரம் மூன்றையும் ரிப்போர்ட்டில் சேர்க்கச் சொல்லலாம். அது உங்கள் உரிமை, சண்டை இல்லை.

ஊத்துக்குளி வெண்ணெய்:

மேடம், அப்படியென்றால் 77 உண்மையா பொய்யா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

மஞ்சள் மண்டி, ஈரோடு:

ஒரே வார்த்தையில் சொல்கிறவர்களால்தான் இந்த அம்மா இங்கே எழுத வேண்டி வந்தது. அன்றைக்கு அந்த அறையில் அவன் செய்தது 77. அதைவிடக் கீழே போக வாய்ப்பு குறைவு, மேலே போக நிறைய இடம் இருக்கிறது. எனக்குத் தோன்றுவதைச் சொன்னால், மறுபடி எடுத்தாலும் ஒர்க்கிங் மெமரி சராசரிக்குக் கொஞ்சம் கீழேதான் வரும், மற்ற குழிகள் பாதி நிரம்பிவிடும். கரும்பலகை வரி விடுகிற பழக்கத்துக்கு அதுவே போதுமான விளக்கம்.

ஓய்வு பெற்ற வாத்தியார், கோபி:

அம்மிணி, நாலாவதில் நிறுத்தி வைக்கிற பேச்சுக்கே இடமில்லை. கட்டாயக் கல்விச் சட்டம் 2009இல் வந்தபோது எட்டாவது வரை நிறுத்தக் கூடாது என்றிருந்தது. 2019இல் திருத்தினார்கள், அப்போதும் 5, 8 இரண்டு வகுப்புகளுக்கு மட்டும்தான். 2024 டிசம்பரில் மத்திய அரசு அதற்கு விதி கொண்டுவந்த உடனேயே, தமிழகத்தில் எட்டாவது வரை கட்டாயத் தேர்ச்சி தொடரும் என்று மாநில அரசு சொல்லிவிட்டது. மெட்ரிக் பள்ளிக்கு அது பொருந்தும். எழுத்தில் கேளுங்கள், "எந்த விதியின்படி நிறுத்துகிறீர்கள்" என்று. பதில் வராது.

ரிப்போர்ட்டை முழுதாகப் பள்ளியில் கொடுக்காதீர்கள். ஒரு பக்கக் கடிதம் போதும். வகுப்பில் நான் செய்தது இதுதான்: அந்த மாதிரிப் பையனை முன் பெஞ்சில் உட்கார வைப்பேன். "புத்தகத்தை எடு, 42ஆம் பக்கம் திற, மூன்றாவது கணக்கைப் போடு, கோடு போட்டு எழுது" என்று நாலையும் ஒரே மூச்சில் சொல்ல மாட்டேன். ஒன்று முடிந்த பிறகு அடுத்தது. கரும்பலகையில் இருப்பதை ஒரு துண்டுத் தாளில் எழுதி அவன் மேசையிலேயே வைத்துவிடுவேன், தலையைத் தூக்கித் தாழ்த்துவதிலேயே பாதி மறக்கிறது. வாய்ப்பாட்டை ஒப்பிக்கச் சொல்லி நிற்க வைக்காமல், பார்த்துப் போட விடுவேன். நாற்பது பேர் வகுப்பில் இதெல்லாம் ஆகாது என்று டீச்சர் சொன்னால், துண்டுத் தாளை மட்டுமாவது கேட்டு வாங்குங்கள், பக்கத்துப் பையனே எழுதிக் கொடுப்பான்.

பிற்பாடு கற்றல் குறைபாடு என்று உறுதியானால் 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் அதுவும் சேர்ந்திருக்கிறது, பொதுத் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகை கேட்கலாம். அதற்கு அரசு மருத்துவக் குழுவின் சான்றிதழ் வேண்டும், தனியார் ரிப்போர்ட் செல்லாது. இப்போது நாலாவதில் அதற்கு அவசரமில்லை.

தோட்டத்துக்காரி, வெள்ளகோவில் பக்கம்:

சரிங்க சார். திங்கட்கிழமை குழந்தை டாக்டருக்கு நேரம் வாங்கியிருக்கிறேன், காதும் அன்றைக்கே பார்க்கச் சொல்லியிருக்கிறேன். குறட்டை உண்டுங்க, இவ்வளவு நாளாகச் சளி என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பள்ளிக்குக் கடிதம் இன்று இரவு எழுதுகிறேன். எழுதி முடித்ததும் இங்கே போடுகிறேன், வாத்தியாரும் மேடமும் ஒரு தடவை பார்த்துத் திருத்திக் கொடுங்கள்.